நூலுக்கும் ஒரு துண்டு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



‘துண்டு’ என்னும் சொல்லை நம் பெரியவர்கள் தங்கள் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். கடன்பட்ட தொழிலாளி வேறு தோட்டம் போகவேண்டுமாயின், கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டே துண்டு. அஃதின்றி அவன் அசைய முடியாது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நூல்களுக்கும் அத்தகைய கட்டு ஒன்று வந்திருக்கிறது.

நமது வாசிகசாலைக்கு மின்னூல் படிக்கும் கருவி வேண்டுமென இளைஞர்கள் கேட்கின்றனர். நல்ல ஆசைதான். ஆயினும் கருவிக்கு முன்னர் நூலின் வடிவத்தை நோக்கவேண்டும். ‘ஈபப்’ என்பது எந்த நிறுவனமும் கையாளக்கூடிய பொதுவடிவம். அமேசனின் கிண்டில் நூல்களோ அந்நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் வருகின்றன. அவற்றுள் பூட்டிடப்பட்டவை, அவர்களுடைய கருவியிலோ செயலியிலோ அன்றி வேறெங்கும் திறவா.

காசு கொடுத்தவனுக்கே பொருள் சொந்தம் என்றுதானே எண்ணுகிறோம்? 2009 யூலையில், உரிமையற்றவர் விற்ற பதிப்பென்று கூறி, ஜோர்ஜ் ஓர்வலின் ‘1984’ நாவலை வாங்கியோர் கருவிகளிலிருந்தே அமேசன் அழித்தது. பணம் திரும்பிற்று, பின்னர் மன்னிப்பும் வந்தது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூற்கடையை மூடியபோது விற்ற நூல்கள் யாவும் மறைந்தன. அங்கும் பணம் திரும்பிற்று. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தோருக்கு மேலும் 25 டொலர் கொடுத்தார்கள். குறிப்புக்கும் விலை உண்டு போலும்! கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பெப்ரவரி 26இல் அமேசன் நிறுத்திவிட்டது.

பிறரை மாத்திரம் குறை கூறுவானேன்? நம் பழைய மலரொன்று பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது, தலைவரின் ஆசியுரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. அதை யுனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்த நமக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

மதுரைத் திட்டம் 1998 முதலும், நம் நாட்டின் நூலகம் நிறுவனம் 2005 முதலும் தமிழ் நூல்களை இலவசமாக, எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்து வருகின்றன. மலையகத்து எழுத்தாளர் நூல்களும் நூலகத்தில் உண்டு. நமது கருவி அவற்றைத் திறக்கவேண்டாமா?

ஆதலின், ஈபப், பிடிஎப் இரண்டையும் திறக்கும் கருவியையே வாங்குவதென்றும், பூட்டிட்ட நூலுக்கு மன்றப் பணம் செலவிடுவதில்லையென்றும், இவ்வாண்டு மலரை யுனிகோடில் அமைப்பதென்றும் ஒரு பிரேரணை கொண்டு வந்துள்ளோம். காரியதரிசி அதனை இப்போது வாசிப்பார்.