நம் வீட்டைச் செப்பனிடுவோம்



வீட்டைப் பேணுவது பற்றி நாம் பேசத் தொடங்கினால் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "இது நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவர்கள் நாங்கள். இதற்கு எங்கள் கைப்பணத்தையும் ஓய்வு நேரத்தையும் ஏன் செலவிடவேண்டும்?" இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே முதலில் இதற்கு விடை காண்போம்.

தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பாகும். எனவே கூரை, சுவர், தூண், மின்கம்பி ஆகியவை பழுதுற்றால் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வேலைகளை நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால், வீடு நிர்வாகத்தினுடையது எனினும், அதனுள் வாழும் உயிர்கள் நம்முடையவை அல்லவா? ஒரு வீட்டில் பின்வாசல் படிப்பலகை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வீட்டார் அனைவரும் அதை அறிந்து தாண்டிச் சென்றனர். விருந்துக்கு வந்த பாட்டி அறியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். அப்பலகைக்கு வேண்டியிருந்தவை நான்கு ஆணிகளே!

முதலாவதாக, படிக்கட்டு. பலகை உளுத்திருந்தால் ஆணி பிடிக்காது, மாற்றிவிட வேண்டும். பலகை நன்றாக இருந்து ஆட்டம் மட்டும் கண்டிருந்தால், அதன் அடியில் இரு பக்கமும் கட்டை கொடுத்து ஆணி அடியுங்கள். ஆணியின் நீளம் பலகையின் கனத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருத்தல் நலம். ஆணிகளை ஒரே மரநரம்பில் வரிசையாக அடித்தால் பலகை பிளக்கும். சற்று மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். மழையில் வழுக்கும் படிகளின் விளிம்பில் பழைய சைக்கிள் டயரை வெட்டிப் பட்டையாக அடித்துவிடலாம். நாம் சீவும் மரத்தின் பால் நம் பாதத்தையும் காக்கட்டும்!

சிமெண்டுப் படியில் பாசி படிந்தால் தேங்காய் நார்த் தூரிகையாலும் சவர்க்காரத்தாலும் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் வெளுப்பு நீரைப் பயன்படுத்துவோர், பாலை உறையவைக்கும் அமிலத்தையோ வேறெந்த அமிலத்தையோ அதனுடன் ஒருபோதும் கலக்கலாகாது. அக்கலவையிலிருந்து எழும் நச்சுவாயு நுரையீரலைத் தாக்கும்.

இரண்டாவதாக, தண்ணீர். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஒரு வாரம் முதல் பத்து நாள்களே போதும். அதன் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்பிழைக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் உட்புறத்தையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். மழைநீர்ப் பீப்பாயின் வாயில் நுண்வலையை விரித்து, பழைய டியூப்பை வளையமாக வெட்டி இறுக்கிவிடுங்கள். பயன்படாத பால் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள்.

மூன்றாவதாக, நாம் செய்யக்கூடாதவை. பழைய கூரைத் தகடுகள் சிலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கும். அவற்றைத் துளைப்பதும் அறுப்பதும் சுரண்டுவதும் கூடாது. அத்தூள் பல்லாண்டுகள் கழித்தும் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. மின்கம்பியை நாமே ஒட்டுப்போட்டு இழுப்பதும் கூடாது. அதற்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கின்றனர். மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் அறுபடாவிட்டால் உடனே அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் பின்வாசல் படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். அது ஆடினால், அடுத்த ஓய்வுநாள் வரை காத்திராமல் சுத்தியலை எடுங்கள். அருகில் பிள்ளைகளையும் நிறுத்திக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும் கற்ற கைத்தொழில் அவர்களுடனேயே போகும்.