பழைய கணினியில் லினக்ஸ்



விண்டோஸுடன் வாங்கிய கணினியில் வேறோர் இயங்குதளத்தை அமைக்கலாமா என்பது இன்று பலர் மனத்திலும் எழும் வினாவாகும். அதற்குக் காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன், விண்டோஸ் 10க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திற்று. விண்டோஸ் 11 இயங்குதளமோ ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், ஓரளவு புதிய செயலியையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே, நன்றாய் இயங்கும் கணினிகள் பல மூலையில் ஒதுக்கப்படுகின்றன. புதியன வாங்க வசதியற்ற பாடசாலைக்கு இது சிறிய இழப்பன்று.

இந்நிலையிற் கைகொடுப்பது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை ஆக்கத் தொடங்கினார். அக்கருவைக் கொண்டு உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய பல வடிவங்கள் எழுந்தன. இவற்றை விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

எனினும், இதில் அவசரம் ஆகாது. முதற்கண் செய்யவேண்டியது காப்பு. புள்ளிப் பட்டியல்கள், கடிதங்கள், படங்கள் யாவற்றையும் வெளி வட்டு ஒன்றிற் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியிற் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி படியாகாது. பிட்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருப்பின், அதன் மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதி வைக்க.

அடுத்து, லினக்ஸ் கோப்பினை இணையத்திலிருந்து இறக்கி, ரூபஸ் போன்ற செயலியினால் பென் டிரைவில் எழுதுதல் வேண்டும். வெறுமனே படியெடுத்தால் அது இயங்காது. எழுதும்பொழுது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும். பின்னர் கணினியைத் தொடக்கும்போது எஃப் 12 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்க. விசை கணினிக்குக் கணினி வேறுபடும்.

இங்கே ஒரு நன்மையைக் கவனியுங்கள். வட்டில் எதனையும் மாற்றாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். இணையம் கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழில் எழுத முடிகின்றதா என்பவற்றை ஆறுதலாகச் சோதித்த பின்னரே முடிவு செய்யலாம்.

நிறுவும் வேளையில் இரு வழிகள் உள. ஒன்று, விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்தல். மற்றது, வட்டு முழுவதையும் அழித்து லினக்ஸை மட்டும் வைத்தல். முன்னையதற்கு, விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியினாலேயே வெற்றிடம் ஒதுக்கி, விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்துதல் நன்று. பின்னையதில் ஓர் அழுத்தம் போதும், பல்லாண்டுப் பதிவுகள் மறைந்துபோம். ஆதலால், திரையில் வரும் வினாவை முழுதும் வாசித்த பின்னரே விடையளிக்க.

நிற்க, லினக்ஸ் எல்லாவற்றுக்கும் மாற்றன்று. எழுத்துப் பணிக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஒபிஸ் பெரும்பாலும் போதும். விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட சில செயலிகளோ அதில் இயங்கா. அத்தகைய செயலி இன்றியமையாததாயின் இரண்டையும் வைத்திருங்கள். ஆனால் திருத்தம் பெறாத விண்டோஸை இணையத்துடன் இணையாதீர்கள்.

கருவியின் ஆயுளை முடிவு செய்ய வேண்டியவர் அதனை விற்றவர் அல்லர், அதனைப் பயன்படுத்துபவரே. பொறுமையும் காப்பும் இருப்பின், ஒதுக்கிய கணினியிலும் ஒரு பிள்ளை பாடம் கற்கலாம்.