கவனமே கொல்லாமை

(அணுபுரத்தில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

அணுவை ஆராய்வோர் வாழும் ஊர் அணுபுரம். இல்லறத்தார்க்கு அருகன் அறம் வகுத்தது அணுவிரதம். அந்த விரதத்துக்கு மிகச் சிறிய உயிரொன்றால் நேரும் சோதனையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது மூட்டைப்பூச்சி. விழா மேடைக்குரிய பொருளா இது எனச் சிலர் நகைக்கலாம். என் வீட்டில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத் தலங்களைத் தரிசித்துத் திரும்பும் வழியில் ஒரு விடுதியில் தங்கினோம். களைப்பில் பைகளைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு உறங்கிப்போனோம். வீடு திரும்பிச் சில வாரங்களில் பேரனின் கையில் வரிசையாகத் தடிப்புகள் தோன்றின. கொசுக்கடி என்றே இருந்துவிட்டேன். மேலும் இரண்டு மாதங்கள் கழித்து மெத்தையைப் புரட்டினால், தையல் ஓரமெங்கும் கரும்புள்ளிகள், உதிர்ந்த தோல்கள், நூற்றுக்கணக்கான உயிர்கள்! வேறு வழியின்றி மருந்தடிப்பவரை அழைத்தோம். சிற்றுயிர்க்குத் தீங்கு நேருமென்று பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீட்டில், ஒரே பகலில் அத்தனை உயிர்களும் மடிந்தன. அன்று என் நெஞ்சு என்னைக் கேட்டது: கொன்றது மருந்தா, உன் அலட்சியமா?

உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், கவனமின்மையையே அதன் வேராக வைக்கிறார். நம் நூல்கள் மூட்டைப்பூச்சியை எறும்பு, பேன் ஆகியவற்றோடு மூவறிவுயிராக எண்ணுகின்றன. தொல்காப்பியரும் மரபியலில் எறும்பை மூவறிவுயிர் என்றே வகுத்தார்.

அப்படியாயின் அதனை வளரவிடலாமா? சூரத் நகருக்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் ஜான் ஓவிங்டன், 1696இல் வெளியான தம் பயண நூலில், அங்கு வணிகர்கள் நடத்திய விலங்கு மருத்துவச்சாலையைக் குறிப்பிடுகிறார். மூட்டைப்பூச்சிகளும் பேணப்பட்டனவாம்; அவற்றின் உணவுக்காக ஏழை ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டு, இரவு முழுதும் அவை இருந்த கட்டிலில் படுத்திருப்பாராம். அவர்களுடைய அருளை வியக்கிறேன். அந்த ஏழையின் குருதியை எண்ணி வருந்துகிறேன். நம் வீட்டுப் பூச்சியைத் தெருவில் உதறுவதும், நம் பையோடு அடுத்த யாத்திரிகரின் படுக்கைக்கு அனுப்புவதும் இத்தகையனவே. நாமோ கூலியும் கொடுப்பதில்லை!

நஞ்சும் முழுத் துணையன்று. டி.டி.டி. மருந்துக்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் 1947இலேயே காணப்பட்டன.

எனவே வாயிலிலேயே தடுப்பதுதான் நமக்குரிய வழி. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் வேண்டும் என்பது ஐந்து சமிதிகளுள் ஒன்று. துறவியர்க்கு உரைத்த அதனை நம் பயணத்திலும் கைக்கொள்வோம்.

விடுதி அறையில் நுழைந்ததும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். குளியலறையின் உலர்ந்த தரையில் வையுங்கள். கைப்பேசி விளக்கால் மெத்தையின் தையலையும், கட்டிலின் தலைமாட்டையும், மூட்டு இடுக்குகளையும் பாருங்கள். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதையளவில் தட்டையாய், செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். முட்டை வெண்மையாய், எள்ளினும் சிறிதாய் இருக்கும். மைப்புள்ளி போன்ற கறைகள் அதன் எச்சம். ஒன்றேனும் கண்டால் வேறு அறை கேளுங்கள். ஒட்டிய அறை வேண்டாம்.

வீடு திரும்பியதும் பையை வாயிலிலேயே திறந்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபின் துவைக்கப் போடுங்கள். பணி ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ செல்வோர் விற்கும் கட்டில், சோபா ஆகியவற்றை இடுக்கு இடுக்காகப் பார்த்து வாங்குங்கள். கட்டில் சுவரைத் தொடாமல் இருக்கட்டும். அதன் விரிசல்களை அடைத்துவிடுங்கள். திங்களுக்கு ஒருமுறை மெத்தையைப் புரட்டிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பின்னும் வந்துவிட்டால் மறைக்காதீர்கள். இது அழுக்கால் வருவதன்று. தூய வீட்டுக்கும் வரும். நோய் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. ஆனால் ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். இரண்டு பூச்சிகள் இருக்கும்போது நாணத்தால் வாய்மூடி, இருநூறு ஆனபின் மருந்தடிப்பவரை அழைப்பது, பழியை நூறு மடங்காகப் பெருக்குவதாகும். நான் அதைத்தான் செய்தேன்.

மயிற்பீலியால் இடத்தைத் துடைத்தபின் அமர்கிறார்கள் நம் முனிவர்கள். பீலி ஏந்தாத நாம், படுக்குமுன் படுக்கையை ஒருமுறை பார்த்தேனும் படுப்போம். கொல்ல நேரும் நிலையே வாராமல் காப்பது இல்லறத்தார்க்கு எளிய கொல்லாமை.

அறம் வளர்க!