வில்லோ மரமும் ஆழ்கடல் சுறாவும்: இரண்டு மருந்துகளின் வரலாறு

ஒன்று, கிரிக்கெட் மட்டை தரும் வெள்ளை வில்லோ மரம். இன்னொன்று, வெயில் எட்டாத ஆழத்தில் வாழும் கல்பர் சுறா. இரண்டிலும் மனிதன் மருந்துச் சரக்கைக் கண்டான். மரம் பிழைத்துக்கொண்டது, சுறா மாட்டிக்கொண்டது. ஏன் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனைச் சேர்ந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், வில்லோப் பட்டையைச் சுவைத்துப் பார்த்தார். காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட சின்கோனா பட்டையைப் போலவே கசந்தது. காயவைத்து, பொடித்து, குளிர்காய்ச்சல்காரர்கள் சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். குணம் தெரிந்ததும், 1763-இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1828-இல் மியூனிக்கில் யோகான் பூக்னர் அந்தக் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார், அதுதான் சாலிசின். 1859-இல் ஹெர்மன் கோல்பே, பட்டையே இல்லாமல் பீனாலிலிருந்து சாலிசிலிக் அமிலம் செய்து காட்டினார். அந்த அமிலத்திலிருந்து செய்த ஆஸ்பிரின் 1899-இல் பேயர் நிறுவனத்தின் பெயரில் கடைக்கு வந்தபோது, அதற்கு மரமே தேவைப்படவில்லை.

இப்போது சுறா. சுறாவுக்கு மற்ற மீன்களைப் போலக் காற்றுப்பை கிடையாது. தண்ணீரைவிட லேசான எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ அந்த எண்ணெயை ஆராய்ந்து, அதிலிருந்த பொருளுக்கு 1916-இல் ஸ்குவாலீன் என்று பெயரிட்டார். முகப்பூச்சு கிரீம்களில் அது சேர்ந்தது. பின்னர் சில தடுப்பூசிகளிலும் சேர்ந்தது.

கிளையை வெட்டினால் வில்லோ மறுபடி துளிர்க்கும். கல்பர் சுறாவோ பல ஆண்டு வளர்ந்த பிறகுதான் குட்டி போடும். அதுவும் ஒரு ஈற்றுக்கு மிகச் சில குட்டிகளே. மாலத்தீவில் 1980-களில் ஈரல் எண்ணெய்க்காக இந்தச் சுறாக்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே வரத்து சரிந்தது. 2010-இல் அந்நாடு சுறா வேட்டையையே தடை செய்தது.

ஆக, வில்லோவைக் காத்தது வேதியியல். சுறாவுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது: ஆலிவிலிருந்து ஸ்குவாலீன் எடுக்கிறார்கள், கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் தயாரிக்கிறார்கள். அடுத்த முறை கிரீம் வாங்கும்போது ஸ்குவாலீன் என்றோ, அதிலிருந்து செய்யப்படும் ஸ்குவாலேன் என்றோ பெயர் கண்ணில் பட்டால், அது தாவரத்திலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் ஈரல் எண்ணெய்க்குச் சந்தை குறையும்.