வெளிநாடு போய்வரும் கம்ப்யூட்டர்: பிளக்கை மாட்டும் முன் பின்பக்கம் பாருங்க



படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போகும்போது டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைப் பெட்டி கட்டி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. சில வருஷம் கழித்துத் திரும்பும்போது அங்கே வாங்கியதைக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஒரு நிமிஷம் கவனித்துப் பார்த்தால் போதும். பார்க்காமல் சுவிட்சைப் போட்டால், ஒரே நொடியில் ‘டப்’ என்று சத்தம், கருகிய வாடை, புகை.

முதலில் உங்கள் செல்போன் சார்ஜரைக் கையில் எடுங்க. அதில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். எழுத்து தெரியவில்லையா? செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்க. இந்த ஒரு வரி இருந்தால் அந்தச் சார்ஜர் எந்த நாட்டிலும் வேலை செய்யும். லேப்டாப் அடாப்டரிலும் பெரும்பாலும் இதே வரிதான் இருக்கும். இதைப் பார்த்துப் பழகியதால்தான், டெஸ்க்டாப்பும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

மிக்ஸி விஷயத்தில் நாம் உஷாராகத்தான் இருக்கிறோம். அமெரிக்கா போகிறவர்கள் கடையில் ‘110 வோல்ட் மிக்ஸி கொடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதே உஷார் வேண்டும்.

எந்த நாட்டில் எவ்வளவு?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கை, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் ஏறக்குறைய இதே அளவுதான். அங்கே மாறுவது பிளக்கின் வடிவம் மட்டும்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தைவானில் 110 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அதிலும் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ்.

இந்த ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குக் கவலை வேண்டாம். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ், வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. நாம் பார்க்க வேண்டியது வோல்ட்டை மட்டும்.

சின்னச் சிவப்பு சுவிட்ச்

டெஸ்க்டாப்பின் பின்பக்கம், கரண்ட் ஒயர் சொருகும் இடத்தைப் பாருங்க. அதுதான் எஸ்எம்பிஎஸ். மூன்று வகை உண்டு.

ஒன்று, சிவப்பு நிறத்தில் நகர்த்துகிற சின்ன சுவிட்ச் இருக்கும் வகை. அதில் 115 அல்லது 230 என்று எண் தெரியும். போகிற நாட்டுக்கு ஏற்றபடி நாம்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு, சுவிட்ச் இல்லாமல் ‘100-240 வோல்ட்’ என்று எழுதியிருக்கும் வகை. இது தானாகவே சரிசெய்துகொள்ளும். பயம் வேண்டாம்.

மூன்று, சுவிட்சும் இல்லை, ‘200-240 வோல்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்பவற்றில் இந்த வகையும் உண்டு. இது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வேலை செய்யாது. ஆகவே, ‘சுவிட்ச் இல்லை, அப்படின்னா ஆட்டோமேட்டிக்’ என்று நினைக்காதீங்க. லேபிளைப் படிங்க.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து

இங்கிருந்து 230-ல் வைத்த கம்ப்யூட்டரை அமெரிக்காவில் மாட்டினால், பெரும்பாலும் அது ஆன் ஆகாது, அவ்வளவுதான். யாராவது சொல்லி, சுவிட்சை 115-க்கு மாற்றினால் ஓடத் தொடங்கும். அப்புறம் அந்த சுவிட்சை எல்லாரும் மறந்துவிடுவார்கள். சில வருஷம் கழித்து ஊருக்கு வந்ததும், அதே கம்ப்யூட்டரை நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகும்போதுதான் வெடிக்கிறது.

காரணம் என்ன? 115-ல் வைத்தால், எஸ்எம்பிஎஸ் உள்ளே வோல்ட்டை இரட்டிப்பாக்கி எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக உள்ளே சுமார் 320 வோல்ட் டிசி இருக்கும். 115-ல் இருக்கும்போது 230 வோல்ட்டைக் கொடுத்தால், அது 600-ஐத் தாண்ட முயலும். அங்கே இருக்கும் கெபாசிட்டர்கள் அதைத் தாங்காது.

சுவிட்சை மாற்றும் முறையும் முக்கியம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, சில நிமிஷம் கழித்து, பேனா முனையால் நகர்த்துங்க. கரண்ட் ஓடும்போது தொடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறக்காதீங்க. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

அடாப்டர் வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு

விமான நிலையத்தில் விற்கும் டிராவல் அடாப்டர் பின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். வோல்ட்டைக் குறைக்காது, கூட்டாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல சாமான்கள் போகின்றன.

கம்ப்யூட்டருக்கு அடாப்டரே தேவையில்லை. கம்ப்யூட்டரில் சொருகும் முனை அநேகமாக எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சுவரில் சொருகும் முனைதான் வேறு. ஆகவே, போன இடத்தில் அந்த ஊர் பவர் கார்டு ஒன்று வாங்குங்க. அமெரிக்காவிலிருந்து வரும் கார்டுகளில் பலவற்றில் ‘125 வோல்ட்’ என்று எழுதியிருக்கும். அதை இங்கே அடாப்டர் போட்டுப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்று பின்னில் பெரிய பின் எர்த்துக்கானது. இரண்டு பின் அடாப்டரில் மாட்டினால் எர்த் கிடைக்காது. கம்ப்யூட்டரின் தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும்.

எஸ்எம்பிஎஸ் அந்த நாட்டுக்குப் பொருந்தாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர். 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால், மானிட்டரையும் சேர்த்து 750 வாட்டுக்குக் குறையாததாக வாங்க வேண்டும். ஹேர் டிரையருக்கென்று விற்கும் மலிவான கன்வெர்ட்டர் கம்ப்யூட்டருக்கு ஆகாது. இரண்டு, எஸ்எம்பிஎஸ்ஸையே ‘100-240’ வகைக்கு மாற்றிவிடுவது. கனமான டிரான்ஸ்ஃபார்மரைச் சுமப்பதைவிட இது சுலபம். சில கம்பெனி கம்ப்யூட்டர்களில் மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவு தனியாக இருக்கும். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்க.

கூட வரும் சாமான்கள்

மானிட்டர் பெரும்பாலும் 100-240 வகைதான், ஆனாலும் லேபிளைப் பார்த்துவிடுங்க. ஸ்பீக்கர், மோடம், ரவுட்டர் அடாப்டர்களில் ‘120 வோல்ட்’ மட்டும் என்பது சகஜம். லேசர் பிரிண்டரில் தாளைச் சூடாக்கும் ஹீட்டர் இருப்பதால், அது பொதுவாக ஒரே வோல்ட்டுக்குச் செய்தது. யுபிஎஸ்ஸும் அப்படித்தான். இவற்றைச் சுமந்து அலையாமல், போன இடத்தில் வாங்குவதே லாபம்.

குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். கிளம்பும் முன் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்க. எஸ்எம்பிஎஸ் போனால் வேறு வாங்கலாம், பிள்ளையின் சின்ன வயசுப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

மீறி வெடித்துவிட்டால், முதலில் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்க. தண்ணீர் ஊற்றாதீங்க. திரும்பப் போட்டுப் பார்க்காதீங்க. பல நேரம் எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருக்கும், டிஸ்க் தப்பியிருக்கும். சர்வீஸ் சென்டரில் நடந்ததை மறைக்காமல் சொன்னால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

ஊருக்கு வந்தபின் வீட்டிலேயே வோல்டேஜ் ஏறி இறங்கினால், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துப் புகார் செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது கம்ப்யூட்டரோடு வந்து இறங்குகிறார்களா? பிளக்கை மாட்டும் முன், ‘பின்னாடி அந்தச் சிவப்பு சுவிட்ச் எதில் இருக்கு?’ என்று ஒரு வார்த்தை கேளுங்க.