சோம்பேறி என்று பட்டம் கட்டும் முன்...



ஜொகூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கும் ஊர் பண்டார் தெங்காரா. 1972-இல் தொடங்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா உருவாக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம். எந்த வீட்டிலும் அவன் இருக்கக் கூடும்.

வயது 26. ஆறு ஆண்டுகளில் ஏழு வேலை மாறிவிட்டான். கெட்டிக்காரன், எதையும் ஒரு முறை காட்டினால் பிடித்துக் கொள்வான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மேலாளர் பாராட்டுவார். மூன்றாம் மாதம் கணக்குத் தாள் பாதியில் நிற்கும். ஐந்தாம் மாதம் தாமதமாக வருவதற்குக் கடிதம் வரும். ஏழாம் மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பான். அப்பா சோம்பேறி என்பார். மாமா பொறுப்பு இல்லாதவன் என்பார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வதற்கும் ஒருவர் இருப்பார். அந்தக் கடைசி யோசனை இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்து இழுத்துப் போடுகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

இவனுக்கு இருப்பது சோம்பலாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சொல்லும் கவனக் குறைவு, மிகை இயக்கக் குறைபாடாக இருக்கலாம்.

இது நேற்று முளைத்த நாகரிக நோய் அன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798-இலேயே கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாதவர்களைப் பற்றி எழுதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆனால் வெகு காலம் இதைச் சிறு பிள்ளைகளின் குறையாகவே பார்த்தார்கள். வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். பலருக்குப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புத் திட்டத்தில் 20 நாடுகளில் பெரியவர்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இது இருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மூவர் என்றால் பாருங்கள்.

'சூப்பர் டீலக்ஸ்', 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் நடித்த ஃபகத் ஃபாசிலை நேயர்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தின் திறப்பு விழாவில், தமக்கு 41 வயதில் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டதாக அவர் சொன்னார். அவ்வளவு பேர் உற்றுப் பார்க்கும் தொழிலில் இருக்கும் ஒருவருக்கே 41 வயது ஆகியிருக்கிறது. தோட்டப் பள்ளியில் படித்து, கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவனுக்கு யார் கண்டுபிடித்துச் சொல்வது?

இந்த இடத்தில் பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள். "கவனமே இல்லாதவன் என்கிறீர்கள். கைத்தொலைபேசியில் விளையாட உட்கார்ந்தால் நாலு மணி நேரம் அசைய மாட்டேன் என்கிறானே?" நியாயமான கேள்விதான். இந்தக் குறைபாட்டில் கவனம் இல்லாமல் போவதில்லை. அதைத் திருப்பும் சுக்கான்தான் கைக்கு அடங்குவதில்லை. விளையாட்டு நொடிக்கு நொடி பரிசு கொடுக்கிறது. மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய கணக்கு அப்படி எதையும் கொடுப்பதில்லை. இத்துறையில் பல்லாண்டு உழைத்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லியின் விளக்கம் இதுதான்: இது அறிவுக் குறை அன்று; அறிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாத குறை. நாளை என்பது இவர்களுக்கு வெகு தொலைவு. இன்றைக்கு இல்லாதது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அறிவுரை சொல்லிப் பயனில்லை. அவனுக்குத் தெரியாததை யாரும் சொல்லிவிடப் போவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? நம் பாட்டன் காலத்துத் தோட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். விடியும் முன் பெரட்டு. பெயர் கூப்பிடுவார்கள். இன்னாருக்கு இந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். பக்கத்து நிரையில் இன்னொருவர். பின்னால் மண்டோர். பால் எடுத்து வந்ததும் நிறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்த வாழ்க்கையின் கொடுமைகளை யாரும் மறக்க வேண்டியதில்லை. அது திரும்ப வர வேண்டும் என்பதும் பேச்சில்லை. ஆனால் எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது, எப்போது முடிந்தது என்ற மூன்றையும் அந்த முறை மனிதனுக்கு வெளியே வைத்திருந்தது. பேரன் இன்று செனாயில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். கணினி, பத்து வாட்ஸ்அப் குழு, "முடித்து விட்டு அனுப்பு" என்ற ஒரு வரி உத்தரவு. பெரட்டு, நிரை, மண்டோர் மூன்றும் இப்போது அவன் தலைக்குள் இருக்க வேண்டும். அவன் தலையில் அந்த மூன்றுக்கும் இடம் போதவில்லை. திரும்ப அவற்றை வெளியே கொண்டு வருவதுதான் வழி.

மேலாளர் வாயால் சொல்லும் வேலை நிற்காது. அங்கேயே எழுதிக் கொள்ள வேண்டும். எழுதியது பையில் இருக்கக் கூடாது, கண் முன்னால் சுவரில் இருக்க வேண்டும். "மாத அறிக்கை" என்று எழுதினால் அது வேலையே இல்லை, பயமுறுத்தல். "முதல் பக்கத்தில் லோரி எண்களை நிரப்பு" என்று எழுதினால் கை நகரும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை 25 நிமிடத்துக்கு முடுக்கி வைத்துப் படித்தார். மணி அடித்ததும் ஐந்து நிமிட ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளிக்கு பொமோடோரோ என்று பெயர். அதுவே முறைக்கும் பெயராகிவிட்டது. 25 நிமிடம் முடியாவிட்டால் பத்து நிமிடம் வைக்கலாம். கைத்தொலைபேசியில் மட்டும் மணி வைக்க வேண்டாம். அதை எடுத்தவன் திரும்பி வருவதில்லை.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய இன்னொரு முறை, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. "நாளைக்குச் சீக்கிரம் தொடங்குவேன்" என்று உறுதி எடுப்பதை விட, "பசியாறி விட்டு மேசைக்கு வந்ததும் முதலில் அந்தக் கோப்பைத் திறப்பேன்" என்று முடிச்சுப் போட்டு வைப்பது. இது நடந்தால் அது. மன உறுதியை நம்பாமல் சூழ்நிலையை நம்புவது. பக்கத்தில் இன்னொருவர் அமைதியாகத் தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தால் கூட இவர்களுக்கு வேலை ஓடும் என்று பலர் சொல்கிறார்கள். அதுதான் பழைய பக்கத்து நிரை.

முதலாளிமார்களுக்கும் ஒன்று. இவனுக்குத் தனிச் சலுகை என்று நினைக்க வேண்டாம். உத்தரவை எழுத்தில் கொடுப்பது, மாதக் கெடுவை வாரக் கெடுவாக உடைப்பது, கதவோரத்து மேசையை மாற்றுவது, இதற்கெல்லாம் ஒரு ரிங்கிட் கூடச் செலவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி தொழிலாளி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு வழி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

மருந்து பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெத்தில்ஃபெனிடேட் பலருக்கு உதவும். மலேசியாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. நண்பனிடமிருந்து வாங்கிப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. இதய நோய், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் எழுதித் தருவார். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரில் அந்த மருந்துக்கான விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து கொண்டே பையில் வைக்க வேண்டும். மருந்தோடு பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடும். அமெரிக்காவில் ஏற்கெனவே மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அதில் வேலைகளைப் பிரிப்பது, திட்டமிடுவது, கவனச் சிதறலைக் கையாள்வது என்று பயிற்சி பெற்றவர்கள், வெறும் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களை விடத் தெளிவாக முன்னேறினார்கள்.

இது வேலை போவதோடு நிற்கிற விஷயமும் இல்லை. சுவீடனில் இக்குறைபாடு உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆண்களிடையே, மருந்து எடுத்த காலத்தில் கடுமையான சாலை விபத்து அபாயம் 58 விழுக்காடு குறைவாக இருந்தது. இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக் கொண்டு ஜொகூர் பாரு நோக்கிப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்து விட்டு எனக்கும் இதுதான் என்று முடிவு கட்டுவதும் இப்போது பெருகிவிட்டது. காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவனுக்குக் கவனம் சிதறினால், முதலில் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். தைராய்டு, இரத்தச் சோகை, மன அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை இவையும் இதே மாதிரிதான் தோன்றும்.

அதனால் டாக்டரிடம் போக வேண்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். அங்கே கடிதம் வாங்கிக் கொண்டு மனநல நிபுணரிடம் போகலாம். ஜொகூர் பாரு தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை இதற்கென்றே இருப்பது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள் என்று தயங்கித்தான் பல பிள்ளைகளின் பத்தாண்டு போயிருக்கிறது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் கேட்பார். மகனுக்கு நினைவிருக்காது. அம்மா உடன் போவது நல்லது. ஆரம்பப் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் அலமாரியில் எங்கேயாவது கிடந்தால் எடுத்துப் போகலாம். "கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது" என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தால், அந்த வரியை டாக்டரிடம் காட்டுங்கள்.