கிரகணமும் தகடும்



நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தால்தான் என்று மக்கள் பேசினர். எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துயரத்திலும் நபியவர்கள் மறுத்தார்கள். மௌனமாக இருந்திருந்தால் அற்புதமென்றே பேசப்பட்டிருக்கும்!

ஜின் ஓட்டுவதாகத் தகடு விற்பவரோ தானாக வந்த சுகத்தையும் தம் கணக்கில் எழுதுகிறார். சுகமாகாவிட்டால் உங்கள் ஈமானில் குறை என்கிறார். ஜின்கள் இருப்பதை நம்புகிறோம். இந்நோய் ஜின்னால் வந்தது என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவில் குணமாகும் என நம்பிக் குடும்பத்தார் அழைத்து வந்தவர்கள்!

மனம் குழம்பிய பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓதிப்பார்ப்பதைப் பெற்றோரே செய்யலாம், அல்பாத்திஹாவுக்குக் கட்டணமில்லை.